தண்டவாள மணி

அத்தியாயம் 9

ஜெபாவுக்கு வேலை கிடைத்துவிட்டதாகக் கருங்குழியில் அவர்கள் தெரு முழுக்கப் பேச்சு. வேலை என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. மூன்று மாதப் பயிற்சி; சம்பளம் கிடையாது; மதியச் சாப்பாடு உண்டு. சென்னையில் இருக்கும் தேன்கடல் கேசட் கம்பெனிக்காரர்கள் மாமல்லபுரத்தில் ஒரு பங்களாவைப் பிடித்துப் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்கிறார்கள். அங்கே அவளுக்கு இன்று முதல் நாள். 1997, ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை.

'இசை மீது சிறு வயது முதல் ஆர்வம்' என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள். சுத்தப் பொய். போன வாரம் படித்தவர்களுக்கு அது தெரியும். இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்காக நான்கு வரியில் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெபாவின் அண்ணன் ஜோயல், மஸ்கட்டுக்கு என்று வீட்டை விட்டுக் கிளம்பிப் பதினான்கு மாதம் ஆகிறது. வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளில் கடிதத்தை விடக் கேசட்டுக்குத்தான் மதிப்பு. பிள்ளை ஏ பக்கத்தில் பேசி அனுப்புவான். வீட்டில் கூடி உட்கார்ந்து கேட்டு, அழுது முடித்து, பி பக்கத்தில் பதில் பேசி அதே கேசட்டைத் திருப்பி அனுப்புவார்கள். ஜோயலிடமிருந்து வந்தவை இரண்டே இரண்டு. முதலாவது, பம்பாயில் விசாவுக்குக் காத்திருந்தபோது தபாலில் வந்தது. இரண்டாவது தபாலில் வரவில்லை. 'லீவுல வந்தேன், ஏர்போர்ட்டுல குடுத்தாங்க' என்று எவனோ ஒருவன் கருங்குழி பஸ் ஸ்டாப் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

அந்த இரண்டாவது கேசட்டில், தான் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டதாக ஜோயல் சொன்னான். கம்பெனியின் பெயரைச் சொல்லும் இடத்தில் பின்னால் மெஷின் சத்தம். விலாசத்தை லெட்டரில் எழுதுகிறேன் என்றான். லெட்டர் வரவில்லை. அதற்குப் பிறகு பதினோரு மாதமாக ஒன்றுமே வரவில்லை.

பெயர் தெரிந்தால் பிள்ளையைத் தேடலாம். பெயர் கேசட்டுக்குள் இருக்கிறது. சத்தத்தை நீக்கிக் குரலை மட்டும் நிறுத்தும் மெஷின் பாட்டுக் கம்பெனிகளில் உண்டு என்று யாரோ சொன்னார்கள். செங்கல்பட்டு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்திருந்த ஜெபா விண்ணப்பம் போட்டது அந்த மெஷினுக்காகத்தான்.

இனி இன்றைய பொழுதுக்கு வருவோம்.

விடிந்ததும் சந்திரம்மா பிஸ்கட் டப்பாவைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த கேசட்டை எடுத்து மகளிடம் கொடுத்தாள். ஐப்பசி மழையிலிருந்து அந்த டப்பாவை யாரையும் தொட விட்டதில்லை அவள். போட்டுப் போட்டுக் கேட்டால் டேப்பு தேய்ந்துவிடும் என்பது அவள் கட்சி.

"மெஷின் சத்தத்த எடுத்துட்டு, புள்ள கொரல மட்டும் குடுக்கச் சொல்லு" என்றாள். "பெரிய மெஷின்ல போட்டா உள்ள இருக்கறது எல்லாம் வந்துடும் இல்ல?"

"உள்ள இருந்தா வரும்மா."

"இருக்கும். எங்க போவப் போவுது."

அதைச் சொல்லும்போது அவள் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

புது ஊர், புது இடம், முதல் நாள். ஜெபாவுக்குப் பயம் வந்திருக்க வேண்டும், அல்லது கொஞ்சம் சந்தோஷமாவது. இரண்டும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போடுவார்களே, அந்தப் பக்கத்துக் கன்னம் நம்முடையதாகவே இருக்காது. எட்டு மாதமாக அவளுக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது. சாப்பிட்டாள், தூங்கினாள், பரீட்சை எழுதிப் பாஸும் பண்ணினாள். கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றாள். அழவில்லை.

அப்பா தாவீது அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அவர் பேரூராட்சியில் மோட்டார் ஆபரேட்டர். காலையும் மாலையும் டேங்க்கைத் திறந்து ஊருக்குத் தண்ணீர் விடுகிறவர். ஒன்பது வருஷத்தில் ஒரு வேளை தவறியதில்லை. சொந்தத் தங்கை கல்யாணத்தன்று கூட மாலைத் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் பந்தலுக்கு வந்தார். இன்றைக்கு மட்டும் கூட வேலை பார்க்கும் பன்னீர்செல்வத்திடம் சாவியைக் கொடுத்துவிட்டு, "ஒரு நாளு பாத்துக்கடா" என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

செங்கல்பட்டில் பஸ் மாறி, திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை அப்பாவும் மகளும் பேசிக்கொண்டது இரண்டு வார்த்தை. "உக்காரு." "சரி." ஜோயலைப் பற்றி அவர் பேச்சே எடுப்பதில்லை. பதினோரு மாதமாக அந்தப் பெயரே அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

மாமல்லபுரத்தில் இறங்கியதும் முதலில் அவர்களைப் பிடித்துக்கொண்டது சத்தம்தான். கல்லில் உளி விழும் சத்தம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கேட்டது.

"இன்னா சத்தம் இது?"

"கல்லு கொத்தறாங்க நைனா. சாமி சிலை."

"நாளெல்லாமா?"

"நாளெல்லாம்தான்."

தாவீது பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான்.

பங்களா ஊருக்கு வெளியே, கோவளம் போகிற ரோட்டில் இருந்தது. அங்கே ஆபீஸைக் கவனித்துக்கொள்ளும் ராஜம், ஐம்பது வயது, எதற்கும் சிரிக்கிற பெண்மணி. ஜெபா தங்கப்போவது அவள் அறையில்தான். பெட்டியை அங்கே வைத்ததும் தாவீது கிளம்பவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டுப் போறேன்மா. எதிர்ல டீக்கடைல உக்காந்துக்கறேன்."

"ஏன் சார், பொண்ணு ஓடியா போயிடப் போவுது?" என்று சிரித்தாள் ராஜம்.

தாவீது சிரிக்கவில்லை. ஒரு பிள்ளையை பஸ் ஏற்றிவிட்டு, தண்ணீர் திறக்க நேரமாகிவிட்டது என்று பஸ் தெருமுனை தாண்டுவதற்குள் திரும்பி வந்த மனுஷர் அவர். ராஜத்துக்கு அது எப்படித் தெரியும்?

சவுண்ட் என்ஜினியர் அருணகிரி, ஜெபாவைப் பார்த்ததும் பெயரைத்தான் கேட்டார்.

"ஜெபாவா? ஆடி மாசத்துக்கு அம்மன் பாட்டு கேசட்டு போட்டுகினு கீறோம். உனக்கு அதுல ஒண்ணும் ஆட்சேபணை இல்லியே?"

"சத்தம் சத்தம்தான சார்."

அருணகிரிக்கு அந்தப் பதில் பிடித்துப் போய்விட்டது. அது அவளுடைய மரத்துப்போன மனசு சொன்ன பதில் என்பது அவருக்குத் தெரியாது. டெக்கின் ஹெட்டைப் பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்துத் துடைக்கக் கற்றுக்கொடுத்தார். ஒயர்களை எதில் எது சேரும் என்று காட்டினார். கடைசியாக ஒரு சட்டம் போட்டார்.

"டேப்பு ஓடி முடியற வரைக்கும் ஹெட்போன கழட்டக் கூடாது. பாட்டு முடிஞ்சிடுச்சி, எல்லாம் முடிஞ்சிடுச்சினு நீயா முடிவு பண்ணாத. டேப்பு நின்னாதான் முடிஞ்சிது. புரிதா?"

"சரி சார்."

அந்த ஸ்டூடியோவுக்கு ஒரு வியாதி இருந்தது. பங்களாவுக்குப் பின்னாலேயே வரிசையாகச் சிற்பப் பட்டறைகள். சுவரில் கயிற்றுப் பாயும் முட்டை அட்டையும் அடித்துப் பார்த்தும் உளிச் சத்தம் உள்ளே வந்துகொண்டே இருந்தது. கடைசியில் கம்பெனி தோற்று, கல்லுக்குக் கீழ்ப்படிந்துவிட்டது. சிற்பிகள் சாப்பிட எழுந்திருக்கும் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை மட்டுமே பாட்டுப் பதிவு.

"போன சனிக்கிழமை பத்து நிமிஷம் லேட்டா மணி அட்ச்சிட்டாங்க. பாடற அம்மா கோச்சிகினு போயிட்டாங்க" என்றார் அருணகிரி. "நீ போயி பட்டறை மேஸ்திரி எல்லப்பனப் பாரு. இன்னிக்கு கரெக்டா அடிக்கச் சொல்லு. அவரு எப்டி அடிப்பாருனும் கேட்டு வெச்சிக்க. மத்தியானம் மணி முழுசா முடிஞ்சதும் நீதான் எனக்குக் கையத் தூக்கணும்."

பதினோரு மணிக்கு ஜெபா கிளம்பினாள். நேர் வழி தெரியாமல் ஊருக்குள் போய்ச் சுற்றிக்கொண்டு வந்தாள். மாவுக்கல் யானைகளை அளவு வாரியாக அடுக்கிய கடைகள். வாடகை சைக்கிளில் இரண்டு வெள்ளைக்காரர்கள், முதுகெல்லாம் வெயிலில் சிவந்து. சாலையோரம் இன்னும் முகம் வராத ஐந்து பிள்ளையார். ஒரு சந்தின் முடிவில் திடீரென்று கடல். எட்டாம் வகுப்புச் சுற்றுலாவுக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறாள். அன்றைக்குக் கத்திக்கொண்டு ஓடியது ஞாபகம் வந்தது. இன்றைக்குக் கால் நின்ற இடத்திலேயே நின்றது. 'கடல்' என்று நினைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

பட்டறையில் நாற்பது பேர் இருப்பார்கள். எல்லோர் மேலும் கல்தூசி. தலை, புருவம், மீசை எல்லாம் வெளுத்து, யார் கிழவன் யார் வாலிபன் என்று தெரியவில்லை. பாதிப் பேர் வாயில் துண்டு கட்டியிருந்தார்கள்.

எல்லப்பன் மேஸ்திரி வேப்பமரத்தில் தொங்கிய ஒரு முழத் தண்டவாளத் துண்டைக் காட்டினார்.

"அதான் எங்க மணி. ஒரு மணிக்கு, ரெண்டு மணிக்கு, சாயங்காலம் அஞ்சரைக்கு. மூணு அடி அடிப்பேன். நிறுத்தி ஒரு மூச்சு வுட்டு, நாலாவதா ஒண்ணு."

"நாலாவது எதுக்கு?"

"அது கல்லு அறுக்கற கட்டர் ஓட்டறவனுங்களுக்கு. பாதி செவிடு அவனுங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "இந்த நாலாவது எம் வழக்கம்தான். வேற பட்டறைல கெடையாது. யாரும்மா நீ, புச்சா கீற?"

"பாட்டு கம்பெனிக்கு டிரெய்னிங் வந்திருக்கேன். ஜெபா. கருங்குழி."

பின்னால் எங்கோ உளி வழுக்கிக் கல் தெறிக்கும் சத்தம். எல்லப்பன் திரும்பிப் பார்த்தார்.

"டேய்! கண்ண எங்க வெச்சிகினு கீற? கால் வெரல் போச்சி பாரு அம்மனுக்கு!"

துண்டு கட்டிய ஓர் ஆள் பதில் சொல்லாமல் கல்லுக்குப் பின்னால் குனிந்துகொண்டான். ஜெபா நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள்.

ஒரு மணிக்கு மூன்று அடி விழுந்தது. ஒரு மூச்சு. நாலாவது அடி. உளிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஜெபா கையைத் தூக்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடகி அம்மனைக் கூப்பிட ஆரம்பித்தாள். ஒரு தப்பும் நடக்கவில்லை.

"காது நல்லா கீது உனக்கு" என்றார் அருணகிரி. அவரிடம் அது பெரிய பாராட்டு என்று ராஜம் பிற்பாடு சொன்னாள். ஜெபா தலையாட்டினாள். அவள் வேலை முடியும் ஐந்து மணிக்காகக் காத்திருந்தாள்.

ஐந்து அடிக்கச் சற்று முன்பு கேசட்டை எடுத்து நீட்டினாள். விஷயத்தைச் சொன்னாள். அருணகிரி அதைத் திருப்பிப் பார்த்தார்.

"பின்னாடி ரெண்டு பிளாஸ்டிக் காதும் அப்டியே கீதே. அழியக் கூடாதுனா ஒடைச்சிடணும்மா. ஒடைச்சிட்டா மேல ரெக்கார்டு பண்ண முடியாது."

"எங்க தெருவுல ஒடைக்க மாட்டாங்க சார். ஒடைச்சா பதில் பேச முடியாதே."

அருணகிரி கேசட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பாரும்மா, மெஷின் சத்தத்த சுத்தமா எடுக்கறதுக்கு இங்க வசதி இல்ல. கொறைச்சிப் பாக்கலாம். மொதல்ல நீ முழுசா கேளு. எங்க அந்தப் பேரு வருதுனு குறிச்சி வை. நான் டீ குடிச்சிட்டு வரேன்."

வாசலில் தாவீது வந்து நின்றிருந்தார். யாரும் கூப்பிடவில்லை, ஐந்து மணி என்று அவருக்குத் தெரியும். செருப்பை வெளியில் விட்டுவிட்டு, உள்ளே வந்து ஸ்டூலில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார்.

ஜெபா ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏ பக்கத்தைப் போட்டாள்.

"ஜோயலு, அம்மா பேசறேன்டா" என்றது கேசட்.

நிறுத்தினாள். பக்கம் சரிதானா என்று பார்த்தாள். 'A' என்றுதான் இருந்தது. மறுபடி ஓடவிட்டாள்.

"ரெக்கார்டு ஆவுதா இல்லியானு தெரில. செவப்பு லைட்டு எரியுது. வெளிய மழ பேய்ஞ்சிகினு கீது. உன் அட்ரஸு வந்ததும் அனுப்பலாம்னு இப்பவே பேசி வெக்கறேன்…"

ஜெபாவுக்குப் புரிந்துவிட்டது. அம்மா பதில் பேச உட்கார்ந்திருக்கிறாள். கேசட்டைத் திருப்பிப் போட மறந்திருக்கிறாள். அவள் ஒவ்வொரு வார்த்தையாகப் பேசப் பேச, மகன் பேசியது ஒவ்வொரு வார்த்தையாக அழிந்துகொண்டே வந்திருக்கிறது. கம்பெனியின் பெயரும் போயிற்று. பிற்பாடு போட்டுப் பார்த்திருப்பாள். அதற்குப் பிறகுதான் பிஸ்கட் டப்பா, கைக்குட்டை, டேப்பு தேய்ந்துவிடும் என்ற கண்டிப்பு எல்லாம். 'உள்ள இருக்கறது எல்லாம் வந்துடும் இல்ல?'

"ஒங்கப்பன் தண்ணி தொறக்கறாரு, மூடறாரு, துன்றாரு, படுக்கறாரு. வாய தொறக்கறதில்ல" என்று அம்மா காதுக்குள் பேசிக்கொண்டிருந்தாள். "ஜெபா படிக்கறா. அவ அழவே இல்லடா. அதான் எனக்குப் பயமா கீது. அழுவறவள தேத்திடலாம். இவள இன்னா பண்றதுனு எனக்குத் தெரில…"

ஜெபா ஹெட்போனில் ஒரு காதை மட்டும் நகர்த்திக்கொண்டாள்.

"நைனா. இதுல அம்மா பேசறாங்க."

தாவீது தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார். "கிறிஸ்மஸுக்கு முன்னாடி, அவ கோயிலுக்குப் போயிருந்தப்போ போட்டுப் பாத்தேன். ஒங்கம்மா கொரல் வந்துச்சி. நிறுத்திட்டேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அவ இன்னா ஆவா?"

"அப்ப இன்னிக்கு எதுக்கு லீவு போட்டுட்டு வந்த?"

அவர் டெக்கைப் பார்த்தார்.

"பெரிய மெஷினு இல்ல… அடியில ஏதாச்சும் இருக்குமோன்னு."

"அடியில ஒண்ணும் இருக்காது நைனா."

தாவீது தலையாட்டினார். அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் ஒன்பது வருஷத்தில் முதல் முறையாகச் சாவியை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கு அவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஜெபாவின் விரல் பட்டன் மேல்தான் இருந்தது. ஆனால் டேப்பு நின்றால்தான் முடிந்தது என்று காலையில் ஒருவர் சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்வது மட்டும்தான் இந்த எட்டு மாதமாக அவளுக்கு வருகிற ஒரே காரியம். காதை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா இருபத்தாறு நிமிஷம் பேசினாள். பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டதைச் சொன்னாள், போதகர் மாறிப்போனதைச் சொன்னாள். கடைசியில் ஒரு ஜெபம் பண்ணி, ஆமென் சொன்னாள். 'டக்' என்று ஒரு சத்தம்.

"…ஜெபாவ மேல படிக்கச் சொல்லு. அட்ரஸு லெட்டர்ல எழுதறேன்."

ஜோயல்.

அம்மா பேசி முடித்த இடத்துக்கு அப்பால், பழைய கேசட்டின் வால் மட்டும் தப்பித்திருந்தது. ஒரு நிமிஷம் இருக்குமோ என்னவோ. அண்ணன் குரலுக்குப் பின்னால் அந்த மெஷின் சத்தமும் இருந்தது. வீட்டு டூ-இன்-ஒன்னில் அது ஒரே இரைச்சல். இந்த ஹெட்போனில் அது தனித்தனியாகப் பிரிந்தது. பக்கத்தில் ஒன்று. தூரத்தில் ஒன்று. இரும்பு, கல். இரும்பு, கல்.

மெஷின் இல்லை.

அப்புறம் கனமான இரும்பில் மூன்று அடி. ஒரு மூச்சு. நாலாவதாக ஒன்று. பின்னால் இருந்த சத்தங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"சரிம்மா, மணி அட்ச்சிட்டாங்க. துன்ன போறேன்."

டேப்பு நின்றது.

ஜெபா ரீவைண்ட் செய்து இரண்டாம் தடவை கேட்டாள். மூன்றாம் தடவையும் கேட்டாள். மஸ்கட்டில் எல்லப்பன் இல்லை. பிறகு எழுந்து, ஹெட்போனைக் கழற்றி அப்பாவின் தலையில் மாட்டி, டேப்பை ஓடவிட்டாள்.

பதினோரு மாதத்துக்குப் பிறகு மகனின் குரலைக் கேட்டபோது தாவீதின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கை மட்டும் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்தது. டேப்பு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மூன்று அடி விழுந்தது. ஒரு மூச்சு. நாலாவது அடி.

தாவீது மடியில் இருந்த ஹெட்போனைக் குனிந்து பார்த்தார். எடுத்துக் காதில் வைத்தார். அதில் சத்தம் இல்லை. ஜன்னலைப் பார்த்தார். மணி ஐந்தரை.

"ஜெபா" என்றார். "இது எங்க அடிக்கறாங்க?"

செருப்புப் போட மறந்து ஓடினார் அவர். பின்பக்கத்து முள்வேலியைச் சுற்றிக்கொண்டு இருவரும் போய்ச் சேர்ந்தபோது, பட்டறை ஆட்கள் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். கழுவக் கழுவ ஒவ்வொருவராக ஒரு முகம் வந்தது. தாவீது ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பார்த்து முடித்ததும் அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டார்.

"ஜோயலு!"

நாற்பது பேரும் திரும்பினார்கள். யாரும் அவன் இல்லை.

எல்லப்பன் வந்தார். "யாரத் தேடுற அண்ணாத்த? அந்தப் பேர்ல இங்க யாரும் கெடையாதே."

தாவீது சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டுக்காக எடுத்து மிஞ்சிய போட்டோவை நீட்டினார். எல்லப்பன் வாங்கிப் பார்த்தார்.

"அட, இது நம்ம தாவீது ஆச்சே!"

"தாவீது எம் பேரு" என்றார் தாவீது.

எல்லப்பன் போட்டோவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலை இறக்கிப் பேசினார்.

"அவனும் அதான் சொன்னான். ஒரு வருசமா இங்கதான் கீறான். நல்ல புள்ள. வாயத் தொறக்க மாட்டான், வேலைல கில்லாடி."

"எங்க அவன்?"

"காலைல இந்தப் பொண்ணு வந்துட்டுப் போச்சி இல்ல? அது போன கையோட, தண்ணி குடிச்சிட்டு வரேன் மேஸ்திரினு போனான். ஆளே வரல. சோத்து கேரியரு கூட அப்டியே தொங்கிகினு கீது பாரு."

ஜெபா திரும்பிப் பார்த்தாள். படுக்க வைத்த அம்மன் சிலை. வலது காலில் ஒரு விரல் உடைந்திருந்தது. அதன் பின்னால், வாயில் கட்டியிருந்த துண்டு அவிழ்த்துக் கிடந்தது. பத்தடி தூரம். காலையில் அவளுக்கும் அவனுக்கும் நடுவில் இருந்தது அவ்வளவுதான். அவள் பேரையும் ஊரையும் சொன்னாள், அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனாள்.

அவள் அந்தத் துண்டை எடுத்தாள்; விரல்கள் குறுகுறுத்தன. ஊசியின் மரப்பு விடும்போது முதலில் இப்படித்தான் குறுகுறுக்கும். வலி பின்னால்தான் வரும். வரட்டும் என்று இருந்தது அவளுக்கு.

எல்லப்பன் கிளையிலிருந்து கேரியரைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு அடுக்கு. தாவீது திறந்தார். மேல் அடுக்கில் கருவாட்டுக் குழம்பு, பாதியாக அறுத்த அவித்த முட்டை. கீழே சோறு, கை படாமல் அப்படியே. யாரோ பார்த்துப் பார்த்துக் கட்டிய சாப்பாடு.

"மணி அட்ச்சும் துன்னல பாரு" என்றார் தாவீது. அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது.

மூடியை வாங்கிய ஜெபா அதைத் திருப்பினாள். பாத்திரக் கடையில் வெட்டிய எழுத்து, புள்ளி புள்ளியாக. 'சங்கரி.'

"யாரு இது?" என்று எல்லப்பனைக் கேட்டாள். அவர் தண்டவாளத் துண்டை ஆடாமல் பிடித்து நிறுத்துவதில் மும்முரமாக இருந்தார்.

"அத அவன்தான் சொல்லணும்மா."

தாவீதும் அந்தப் பெயரைப் படித்தார். மூடியை வாங்கி, அழுத்தி மூடி, கொக்கியை மாட்டினார். வாசலில் கிடந்த ஒரு வெட்டாத கல்லின் மேல் உட்கார்ந்து, கேரியரை மடியில் வைத்துக்கொண்டார்.

"நைனா, ஏழரைக்குத்தான் செங்கல்பட்டுக்குக் கடைசி பஸ்ஸு."

"பேரு வெட்டின பாத்திரம்" என்றார் அவர். "அடுத்தவங்க வூட்டுது. திருப்பிக் குடுக்காம போவ மாட்டான். நான் அவன அப்டி வளக்கல."

"காலைல தண்ணி தொறக்கணுமே?"

தாவீது ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பன்னீர்செல்வம் தொறப்பான்."